ஐம்பத்திரண்டு கிலோ குரல்

வானொலியில் உடம்பு தெரியாது. அவள் வானொலிக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நிலையத்தில் அவளை ஏழரை என்றுதான் சொன்னார்கள். காலை ஏழரை மணிச் செய்தியை அவள் வாசித்தாள். "ஏழரை வருது, வழி விடுங்கப்பா" என்று நடைபாதையில் சுவரோடு ஒட்டிக்கொள்பவர்கள் வேறு ஒன்றையும் நினைத்துக்கொண்டுதான் சொன்னார்கள். அவள் அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒலிபரப்புக் கூடம் சிறிய அறை. ஓட்டை போட்ட பலகைச் சுவர், பக்கத்து அறை தெரிகிற கண்ணாடி, ஒரு மேசை, ஒரு மைக். கனத்த கதவு. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் இயக்குநரே ஆனாலும் வெளியில்தான் நிற்க வேண்டும்.

வெளியே எல்லோருக்கும் அவள் உடம்பைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வந்தார்கள். துணிக்கடைக்காரர் அவளைப் பார்த்ததுமே, "உங்க சைஸ் வராதும்மா" என்றார். அவள் கேட்கப் போனது தலையணை உறை.

சிவப்பு விளக்கு எரிகிற பத்து நிமிடம் அவளுக்கு உடம்பு இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு மீதி நாளை ஓட்டினாள்.

ஆண்டு விழாவுக்கு நிலையம் நேயர்களை உள்ளே அழைத்தது. நேயர் மன்றத் தலைவர் முதல் ஆளாக வந்தார். ஓய்வு பெற்றவர். கையில் ஒரு சுவர்க்கடிகாரம், அன்பளிப்பு.

"ஏழரை மணிச் செய்தி வாசிக்கிற மேடம் எங்க?"

"நான்தான் சார்."

அவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"விளையாடாதீங்க."

அவள் அன்று காலை வாசித்த முதல் வரியைச் சொல்லிக் காட்டினாள். அவர் கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"மூடினா அவங்கதான். தொறந்தா நீங்க நிக்கறீங்க."

அதற்குள் இயக்குநர் ஓடி வந்துவிட்டார். தலைவர் அவரிடம் முறையிட்டார்.

"வருஷக்கணக்கா ஒரு ஒல்லியான பொண்ணுகிட்ட செய்தி கேட்டுட்டு இருந்தேன் சார். வீட்டுல சம்சாரம் பேசினாக்கூட உஷ்னு அடக்கிட்டுக் கேட்டேன். இப்ப என்ன ஆச்சு? என்னை ஏமாத்திட்டீங்க."

இயக்குநர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து மன்னிப்புக் கேட்டார். கடிகாரத்தைத் தலைவர் திருப்பி எடுத்துப் போய்விட்டார்.

மறுநாள் இயக்குநர் அவளைக் கூப்பிட்டார்.

"உட்காருங்கம்மா. அது வேண்டாம், பிரம்பு நாற்காலி. இந்த இரும்புல உட்காருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உட்கார்ந்தாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இது உடம்பு விஷயம் இல்ல. ஒரு பொண்ணோட உடம்பப் பத்திப் பேசறது அநாகரிகம். நான் இருக்கிற வரைக்கும் இங்க யாரும் அப்படிப் பேச முடியாது. இது நம்பகத்தன்மை விஷயம். நேயர் உங்க குரலக் கேட்டு ஒரு எடைய நம்பறார். அது பொய்னு தெரிஞ்சுபோச்சுன்னா, நீங்க சொல்ற அணையோட நீர்மட்டத்த எப்படி நம்புவார்?"

"நீர்மட்டத்த நான் குறைச்சுச் சொல்லலையே சார்."

"உங்களக் குறைச்சுச் சொல்லியிருக்கீங்களே."

அந்த வாரமே குரல் உடல் இணக்கக் குழு அமைக்கப்பட்டது. தலைவர், இயக்குநர். உறுப்பினர், கணக்கு அதிகாரி. பொதுமக்கள் பிரதிநிதி, பாதிக்கப்பட்ட நேயர் மன்றத் தலைவர். குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. வீட்டில் மனைவியைக் கேட்டுக்கொள்வதாக இயக்குநர் சொன்னார். விதி நிறைவேறியது.

குழு முதலில் ஆய்வு நடத்தியது. நேயர்களை ஒரு கூடத்தில் உட்கார வைத்து, அவள் குரலைப் போட்டுக் காட்டி, எடை கேட்டார்கள். சராசரி ஐம்பத்திரண்டு கிலோ வந்தது. அவளை எடைபோட்டார்கள். எழுபத்தெட்டு.

கணக்கு அதிகாரி இந்த இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுக் கழித்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஸ்டாப்ளர் கணக்குல வரலைன்னாலே தணிக்கைல தொங்கவிட்டுடுவாங்க. இது இருபத்தாறு கிலோ."

"குறையலையே சார். கூடத்தானே இருக்கு" என்றாள் அவள்.

"கூட இருந்தா இன்னும் மோசம்மா. எங்கேருந்து வந்துதுன்னு கேப்பாங்க."

"வேணும்னா குரலக் கொஞ்சம் தடிமனாக்கிப் பாக்கட்டுமா?"

குழு அதிர்ச்சியடைந்தது. இயக்குநர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

"குரல் நிலையத்தோட சொத்து. பயிற்சி குடுத்தது நாங்க. அதுல கை வைக்க உங்களுக்கு என்ன அதிகாரம்? உடம்பு உங்க சொந்தச் சொத்து. அதை நாங்க தொடவே மாட்டோம். நீங்களேதான் குறைச்சுக்கணும்."

வித்தியாசம் தீரும்வரை ஏழரை மணிச் செய்தி அவளுக்குத் தற்காலிகம் என்று முடிவானது. தீராவிட்டால் வேறு ஆள் வாசிப்பார்.

வீட்டில் மாமியார் இந்தச் செய்தியை நிதானமாகக் கேட்டார்.

"நீ வந்த நாள்லேருந்து நான் சொன்னேன். சும்மா சொன்னதால மதிப்பில்ல. இப்ப குழு போட்டுச் சொல்றாங்க பாரு."

"உங்களையும் அதுல போட்டிருக்கலாம் அத்தை."

"கூப்பிட்டா போவேன்."

கணவன் தட்டிலிருந்து தலை நிமிராமல் பேசினான். "வேலைய விட்டா தூக்கினாங்க? உடம்பத்தானே குறைக்கச் சொல்றாங்க. பெரிசு பண்ணாத. இன்னும் கொஞ்சம் சோறு போடு."

அவள் அவனுக்குப் போட்டாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

ஒலிபரப்புக் கூடத்தின் வாசலில் எடை இயந்திரம் வந்தது. செய்திக்கு முன்னால் தினமும் ஏற வேண்டும். முள் இருக்கும் பக்கம் நிற்பவருக்குத் தெரியாதபடி திருப்பி வைக்கப்பட்டிருந்தது. எடை நிலையத்தின் தகவல். அதை முறைப்படி அறிவிக்கும்வரை யாரும் பார்க்கக்கூடாது, அந்த எடைக்கு உரியவர் உட்பட. பார்த்துச் சொல்ல ஓர் எடை உதவியாளரை நியமித்தார்கள். அவர் இதற்கு முன்பு மாடித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செடிகள் காய்ந்தன.

வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று நேயர் மன்றத் தலைவர் கேட்டுக்கொண்டதால், அறிவிப்பு ஒலிபரப்பிலேயே செய்யப்பட்டது.

"செய்திகள். வாசிப்பவர் இன்று எழுபத்தாறரை கிலோ."

இதை அவளே வாசித்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்த மாதம் ஓர் ஆட்சி கவிழ்ந்தது. அவள்தான் அதை முதலில் சொன்னாள். அன்று நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் எல்லாம் அதற்கு முந்தைய வாக்கியத்தில் குறைந்திருந்த அரைக் கிலோவைப் பற்றியவை. நேயர்களின் ஈடுபாடு இப்படிப் பெருகியதைக் கண்ட குழு, வானிலைக்கு முன்னால் எடை நிலவரம் என்று தனியாக ஒரு பகுதி தொடங்கியது. உடம்பு இளைக்கும் மாவு விற்கும் நிறுவனம் அதை வழங்கியது. நேற்றைய எடை, இன்றைய எடை, நாளை எதிர்பார்க்கப்படும் எடை. அதற்கு இடம் விட வெளிநாட்டுச் செய்திகள் நீக்கப்பட்டன. பிறகு விளையாட்டு.

ஆய்வுக்கு ஏகப்பட்ட செலவாகியிருந்ததால் அதன் முடிவை நிலையத்தின் எல்லாப் பெண்களுக்கும் பொருத்தினார்கள். பெண் குரல் என்றால் ஐம்பத்திரண்டு. மெலிந்து குச்சியாக இருந்த அறிவிப்பாளரை எடை ஏற்றச் சொன்னார்கள். சிறுவர் நிகழ்ச்சி நடத்துபவரின் குரலில் தாய்மை இருப்பதாகவும் அவருக்குத் திருமணமே ஆகவில்லை என்றும் குழு கண்டுபிடித்தது. ஆண்டு முடிவதற்குள் தக்க ஏற்பாடு செய்துகொள்ளும்படி அவருக்கு அறிவுறுத்தப்பட்டது.

ஆண் வாசிப்பாளர்களையும் குழு பரிசீலித்தது. அவர்கள் வாசிக்கும்போது நேயர்கள் செய்தியைக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததால் மேற்கொண்டு எதுவும் தேவைப்படவில்லை.

அவள் இளைத்தாள். மதியச் சாப்பாட்டை விட்டாள், பிறகு இரவுச் சாப்பாட்டை. பேருந்தை விட்டுவிட்டு நடந்தாள். படியேறினால் கண் இருட்டியது. ஆடைகளைப் பிடித்துத் தைத்தாள். மறுபடி பிடித்துத் தைத்தாள்.

"என்ன, உடம்புக்கு முடியலையா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "மூஞ்சியே வாடிப்போச்சு. முன்னாடி எவ்வளவு லட்சணமா இருந்தீங்க."

முன்னாடி இருந்தபோது இதே எதிர்வீட்டுக்காரி லட்சணத்தைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

மாமியாருக்கு வேறு கவலை வந்தது. "இப்படிச் சாப்பிடாம கெடந்தா, நாங்க பட்டினி போடறோம்னுதான் நாலு பேர் பேசுவாங்க. சாப்பிடு. ஆனா குண்டாகாத."

எடை அறுபத்தாறுக்கு வந்ததும் குழு மறுஆய்வு நடத்தியது. அதே கூடம், புதிய ஒலிப்பதிவு. பசியோடு வாசித்த குரல் அது. வாக்கியத்தின் கடைசியில் மூச்சு இல்லாமல் தேய்ந்தது. நேயர்கள் கேட்டார்கள், யோசித்தார்கள், எடை சொன்னார்கள். சராசரி நாற்பத்தைந்து.

குழு கூடியது. நடுவில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட். அவளை இரும்பு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

கணக்கு அதிகாரி ஒரு வரைபடம் கொண்டு வந்திருந்தார். மேலே ஒரு கோடு, உடல். கீழே ஒரு கோடு, குரல். இரண்டும் இறங்கிக்கொண்டிருந்தன.

"நல்ல முன்னேற்றம்தான். வித்தியாசம் இருபத்தாறா இருந்தது, இப்ப இருபத்தொண்ணு. ஆனா பாருங்க, இவங்க இறங்க இறங்கக் குரலும் கூடவே இறங்குது. நான் விடல. ரெண்டு கோட்டையும் நீட்டிப் பார்த்தேன். கண்டிப்பா ஒரு இடத்துல சந்திக்குது."

"எங்க?" என்றார் இயக்குநர்.

"பதினஞ்சரைக்கும் பதினாறுக்கும் நடுவுல."

"கிலோவா?"

"கிலோ."

இயக்குநர் ஒரு பிஸ்கட்டை எடுத்தார்.

"அது ரொம்பக் கம்மியோ?"

"என் பேரன் பதினாறு கிலோதான் சார்" என்றார் நேயர் மன்றத் தலைவர். "சும்மா துறுதுறுன்னு ஓடறான்."

குழுவுக்கு நிம்மதியாயிற்று. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"பதினாறு கிலோல நான் எதை வச்சு சார் வாசிக்கிறது?"

"தன்னம்பிக்கைய வச்சு" என்றார் இயக்குநர். "எங்க வீட்ல தினமும் சொல்லுவேன். மனசு வச்சா முடியாதது எதுவும் இல்ல. நீங்க மனசு வைக்க மாட்டேங்கறீங்க. இவ்வளவு பேர் உங்க ஒருத்தருக்காக உட்கார்ந்து பாடுபடறோம். எங்க நேரத்துக்கு ஒரு மதிப்பு வேணாமா?"

அன்று மாலை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த கடையில் அவள் இரண்டு பன் வாங்கினாள். நின்றபடியே சாப்பிட்டாள். இன்னும் ஒன்று வாங்கினாள்.

மறுநாள் அரைக் கிலோ கூடியிருந்தது.

எடை உதவியாளர் முள்ளை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு ஓடினார். அன்றைய ஒலிபரப்பைக் கவனிக்கும் பணி அதிகாரி வந்து, நேற்று என்ன சாப்பிட்டாள் என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். இயக்குநருக்குத் தொலைபேசி போனது. ஏழரைக்கு இன்னும் சில நிமிடங்களே இருந்தன. இறங்கிக்கொண்டே வந்த எடை ஏறினால் நேயர்களுக்கு விளக்கம் தர வேண்டும். வருத்தம் தெரிவிக்க வேண்டும். அதற்கு ஒன்றரை நிமிடம் பிடிக்கும். செய்தியில் எதையாவது எடுத்தாக வேண்டும்.

பணி அதிகாரி தாள்களை மேசைமீது பரப்பிப் பேனாவோடு குனிந்தார்.

"அமைச்சர் பேச்சுல கை வைக்க முடியாது. அடிக்கல் நாட்டு விழா, அது இயக்குநரே போனது. மாவு விளம்பரம், காசு குடுத்திருக்காங்க. இது என்ன, குடிதண்ணி?"

"வடக்குப் பக்கம் பூரா குழாய்ல சாக்கடை கலந்திருக்காம் சார். காய்ச்சாம குடிக்காதீங்கன்னு மாநகராட்சி அனுப்பினது" என்றாள் அவள்.

"மதியச் செய்தியில போட்டுக்கலாம்." குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"அதுக்குள்ள குடிச்சிடுவாங்களே சார்."

"ஏம்மா, யாராலம்மா இது? பன் தின்னது நீங்க. இப்ப தண்ணியப் பத்தி எனக்குச் சொல்லித் தரீங்க."

கதவு மூடிக்கொண்டது. விளக்கு எரிந்தது.

அவள் அமைச்சரை வாசித்தாள். அடிக்கல்லை வாசித்தாள். பிறகு எடை நிலவரம். அவள்முன் இருந்த தாளில், 'நேயர்களே, எனது கட்டுப்பாடின்மையால் நேற்று நேர்ந்த' என்று தொடங்கியிருந்தது. அதைக் கவிழ்த்து வைத்தாள். குறுக்கே கோடு போட்ட தாளை எடுத்தாள். நகரின் வடக்குப் பகுதிகளில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்க வேண்டாம். குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். தெருக்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். எழுதிக்கொள்கிறவர்களுக்காகக் கொஞ்சம் நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி சொன்னாள். வாக்கியங்களின் கடைசிவரை மூச்சு இருந்தது.

கண்ணாடிக்கு அப்பால் பணி அதிகாரி இரண்டு கைகளையும் விரித்து வயிற்றைக் காட்டிச் சைகை செய்தார். அவர் கேட்டது எடை. அவள் தெருக்களின் பெயர்களை முடித்துவிட்டு வானிலைக்குப் போனாள்.

விசாரணை அடுத்த நாளே நடந்தது. பொதுமக்கள் அறிய வேண்டிய தகவலை மறைத்தார் என்பது குற்றச்சாட்டு. நேயர் மன்றத் தலைவர் சாட்சி சொன்னார்.

"எங்க வீடு வடக்குப் பக்கம்தான். இவங்க சொன்னாங்க, சரின்னு தண்ணியக் காய்ச்சினோம். பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொன்னேன். பேரனுக்கு ஆறவச்சுக் குடுத்தேன். அதெல்லாம் சரி. ஆனா நாள் பூரா எனக்கு இருப்புக் கொள்ளல சார். என்ன எடைன்னே தெரியாது. ஏறுச்சா, இறங்குச்சா? யார்கிட்டப் போய்க் கேப்பேன்? ஒரு நேயர இப்படித் தவிக்க விடலாமா?"

அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். காய்ச்சின தண்ணீரா என்று கேட்டுக் குடித்தார்.

"நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்று இயக்குநர் அவளைக் கேட்டார்.

"காய்ச்சினதுல சந்தோஷம் சார்" என்று அவள் நேயர் மன்றத் தலைவரைப் பார்த்துச் சொன்னாள்.

அது எகத்தாளம் என்று பதிவாகியது.

இதற்காக வேலையிலிருந்து நீக்க விதியில் இடமில்லை. எனவே குரல் மட்டும் நீக்கப்பட்டது. ஏழரை மணிச் செய்தி, பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து வரும் மாலைச் செய்தி வாசிப்பாளருக்குப் போனது. ஒலிபரப்புக் கூடத்துக்குள் அவள் இனி நுழையக்கூடாது. மற்றவர்களின் கட்டுப்பாட்டைப் பார்த்தாவது திருந்தட்டும் என்று, வாசலில் எடை இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்தார்கள். பழைய எடை உதவியாளர் செடிகளுக்குத் திரும்பிப் போனார்.

புதிய வாசிப்பாளர் முதல் நாள் காலையில் சீக்கிரமே வந்துவிட்டாள். இரட்டைக் குழந்தைகள். கண்ணுக்குக் கீழே கருவளையம். செருப்பைக் கழற்றினாள், கைக்கடிகாரத்தைக் கழற்றினாள், கொஞ்சம் யோசித்துத் தலையிலிருந்த கிளிப்பையும் கழற்றினாள். ஏறி நின்று மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"மூச்சுக்கு எடை இல்லம்மா. விடு."

விட்டாள். "அக்கா, ரொம்ப இருக்கும். குறையவே மாட்டேங்குது. வீட்டுக்காரர், ராத்திரி ஒரு தோசைக்கல்லையே முழுங்கினேனான்னு கேக்கறார். பால் குடுக்கறதால பசிக்குதுக்கா."

அவள் முள்ளைப் பார்த்தாள். பக்கத்து அறை வாசலில் பணி அதிகாரி காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐம்பத்திரண்டு" என்றாள் உரக்க. செய்தி வாசிக்கிற குரல்.

"அக்கா?"

"உள்ள போ. விளக்கு போடப்போறாங்க."

அடுத்து வந்தவள் ஐம்பத்திரண்டு. குச்சியாக இருந்த அறிவிப்பாளரும் ஐம்பத்திரண்டு. எடை நிலவரத்தில் தினமும் ஒரே எண் வந்ததால் நேயர்கள் தொலைபேசியில் கூப்பிடுவது குறைந்து, பிறகு நின்றது. மாவு நிறுவனம் விலகிக்கொண்டது. அந்தக் காலி நேரத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் பணி அதிகாரி செய்தி போட்டார்.

குழு தன் வெற்றியைக் கொண்டாடியது. மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி பாராட்ட வந்தார். ஒரே நிலையத்தில் இத்தனை பெண்களை ஒரே எடைக்குக் கொண்டு வந்தது எப்படி என்று கேட்டார். "அவங்களச் சொந்த மகளாப் பாவிச்சோம் சார்" என்றார் இயக்குநர். "கண்டிப்பும் வேணும், பாசமும் வேணும்."

புகைப்படக்காரர் இயந்திரத்தோடு ஒரு படம் வேண்டும் என்றார். இயக்குநர் கோட்டுப் பொத்தானைப் போட முயன்று விட்டுவிட்டு மேலே ஏறினார். முள் சுழன்று கடைசிக் கோட்டைத் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது. அதை அவளால் மட்டும்தான் பார்க்க முடிந்தது.

"ஐம்பத்திரண்டு" என்றாள்.

இயக்குநர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு மேலதிகாரியைப் பார்த்தார்.

"நான் சொல்லல சார்? மனசுதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் இறங்கினார். அவள் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.